ரேமில் பங்கு கேட்ட திரை

புதுச்சேரி மாநிலத்தின் வரைபடத்தை முதன்முதலாகப் பார்ப்பவர்கள் கொஞ்சம் குழம்பித்தான் போவார்கள். எங்கும் ஒரே துண்டாக இருக்காது. பாகூர்ப் பக்கம் மேற்கே போகப் போகப் புதுச்சேரி முடிந்து தமிழ்நாடு வரும், தமிழ்நாடு முடிந்து மறுபடி புதுச்சேரி வரும். அந்த மேற்குக் கோடியில் எல்லையை ஒட்டி இருக்கும் ஊர் கரையாம்புத்தூர். பெண் கொடுப்பதும் எடுப்பதும், சந்தைக்குப் போவதும், சினிமாவுக்குப் போவதும் எல்லை பார்த்து நடப்பதில்லை. பள்ளிப் பாடம்கூட அப்படித்தான் இருந்தது. சிபிஎஸ்இக்கு மாறும்வரை புதுச்சேரி அரசுப் பள்ளிகளில் தமிழ்நாட்டுப் பாடத்திட்டமே நடந்தது.

எல்லை பளிச்சென்று தெரிந்தது 2011-இல். அந்த ஆண்டு செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் முதலமைச்சர் ஜெயலலிதா இலவச மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு முதல் ஆண்டில் மட்டும் 9.12 லட்சம் லேப்டாப். ஐந்து ஆண்டில் 68 லட்சம் என்பது அறிவிப்பு. எல்லைக்கு அந்தப் பக்கம் பிளஸ் டூ படித்த பிள்ளை கையில் லேப்டாப்போடு வீட்டுக்கு வந்தது. அதே பாடத்தை இந்தப் பக்கம் படித்த அத்தை மகனோ மாமா மகளோ அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டியதுதான். புதுச்சேரி அரசும் பின்னாளில் தன் மாணவர்களுக்கு லேப்டாப் கொடுத்தது. ஆனால் இந்த வட்டாரத்தில் ‘ஃப்ரீ லேப்டாப்’ என்றதும் முதலில் நினைவுக்கு வருவது மூடியில் முதலமைச்சர் படத்தோடு வந்த அந்தக் கறுப்புப் பெட்டிதான்.

டூயல் கோர் பிராசசர், 2 ஜிபி ரேம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க், 14 அங்குலத் திரை. ஆன் செய்தால் இரண்டு வழி காட்டும். ஒன்று விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர், இன்னொன்று சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ். ஸ்டார்ட்டர் என்பது மைக்ரோசாஃப்ட் மலிவு விலை மெஷின்களுக்கென்று கைகாலைக் கட்டி விற்ற பதிப்பு. டெஸ்க்டாப் படத்தை மாற்றக்கூட விடாது. கண்ணாடி போல மின்னும் ஏரோ ஜன்னல்கள் அதில் கிடையாது. 2 ஜிபிக்கு மேல் ரேம் போட்டாலும் அதன் கண்ணுக்குத் தெரியாது.

அந்தப் பெட்டியில் இல்லாத பொருள் ஒன்று உண்டு: தனி கிராபிக்ஸ் மெமரி. ‘இதுல கிராபிக்ஸ் கார்டு இல்லப்பா, ஆன்போர்டுதான்’ என்று சர்வீஸ் கடைக்காரர் ஒரே வரியில் முடித்துவிடுவார். அந்த ஒரு வரிக்குப் பின்னால் முப்பது ஆண்டுக்குமேல் நீளும் கதை இருக்கிறது.

திரையில் படம் நிற்க வேண்டுமானால் ஒவ்வொரு புள்ளியின் நிறமும் எங்காவது எழுதி வைக்கப்பட்டிருக்க வேண்டும். 14 அங்குலத் திரையில் 1366-க்கு 768 புள்ளிகள், புள்ளிக்கு 4 பைட். பெருக்கினால் ஏறத்தாழ 42 லட்சம் பைட், அதாவது 4 எம்பி. வெறும் டெஸ்க்டாப்பைக் காட்ட அவ்வளவுதான் செலவு. முப்பரிமாண விளையாட்டு என்று வந்தால் சுவருக்கும் சாலைக்கும் சட்டைக்கும் தனித்தனியாக ஒட்டும் படங்கள், எது முன்னால் எது பின்னால் என்று குறித்து வைக்கும் கணக்கு, அடுத்த ஃபிரேமுக்கான இடம் என்று நூறு எம்பி, இருநூறு எம்பி கேட்கும். தனி கார்டு இருந்தால் அதற்கென்று சொந்த மெமரி இருக்கும். ஆன்போர்டு கிராபிக்ஸ் கணினியின் ரேமிலேயே பங்கு கேட்கும்.

பாகூர் ஏரித் தண்ணீரை முறை வைத்துப் பாய்ச்சிய ஊர்க்காரர்களுக்கு இது புரியாத விஷயமல்ல. ஏரியில் எவ்வளவு நிற்கிறது என்பது ஒரு கேள்வி. வாய்க்கால் எவ்வளவு அகலம், யார் முறை முதலில் என்பது அதைவிடப் பெரிய கேள்வி. கணினியில் முதல் முறை எப்போதும் திரைக்குத்தான். விநாடிக்கு 60 தடவை அது படத்தைப் படித்தே ஆக வேண்டும், காத்திருக்கச் சொன்னால் திரை சிமிட்டிவிடும். பிராசசர்தான் ஓரமாக நின்று பொறுத்துக்கொள்ளும்.

இந்தப் பங்கீடு இந்தியப் பள்ளிகளுக்கு லேப்டாப்போடு வந்ததல்ல. 1984-இல் மத்திய அரசு ‘கிளாஸ்’ என்ற கணினிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியபோது பள்ளிகளுக்குத் தேர்ந்தெடுத்த இயந்திரம் பிரிட்டனின் பிபிசி மைக்ரோ. அதன் மொத்த மெமரி 32 கேபி. எம்பி அல்ல, கேபி. 640-க்கு 256 புள்ளிகள் கொண்ட மோடில் படம் வரைய நினைத்தால் அதில் 20 கேபியைத் திரையே எடுத்துக்கொள்ளும். மிச்சம் 12 கேபி. அதிலும் இயந்திரத்தின் சொந்தச் செலவு போகக் கையில் இருப்பதில் புரோகிராம் எழுத வேண்டும். இடம் போதாதவர்கள் எழுத்தும் கட்டங்களும் மட்டும் தெரியும் ஏழாவது மோடுக்குப் போனார்கள். அதற்கு 1 கேபி போதும். அழகான படம் வேண்டுமா, நீளமான புரோகிராம் வேண்டுமா என்று அந்தக் காலத்து மாணவர் முதல் நாளிலேயே முடிவெடுக்க வேண்டியிருந்தது.

பிசிக்கள் வந்தபோது இந்தத் தொல்லை கொஞ்ச காலம் மறைந்தது. 1987-இல் வந்த விஜிஏவுக்கு 256 கேபி தனி மெமரி. அதன்பின் 1 எம்பி, 2 எம்பி, 4 எம்பி என்று தனி கார்டுகள். 1 எம்பி கார்டில் 1024-க்கு 768 வைத்தால் 256 நிறம்தான் வரும். நிறம் கூட வேண்டுமென்றால் திரை அளவைக் குறைக்க வேண்டும். அதுவும் ஒரு கட்டுப்பாடுதான். ஆனால் ரேமில் யாரும் கை வைக்கவில்லை.

கை வைத்தது விலைப் போட்டி. 1999 ஏப்ரலில் இன்டெல் 810 என்ற சிப்செட்டை இறக்கியது. கிராபிக்ஸ் அதற்குள்ளேயே இருந்தது. மெமரி மட்டும் ரேமிலிருந்து. தனி கார்டின் விலை மிச்சம். செலரான் பிராசசரோடு சேர்த்து மலிவு பிசி செய்ய விரும்பிய எல்லோருக்கும் இது வரப்பிரசாதம். கொடுத்த விலை வேறு இடத்தில் இருந்தது. 1024-க்கு 768 திரை, 24 பிட் நிறம், விநாடிக்கு 75 தடவை புதுப்பிப்பு என்றால் திரை மட்டும் விநாடிக்கு 177 எம்பி படிக்கும். அப்போதைய பிசி100 ரேம் அதிகபட்சம் தரக்கூடியது விநாடிக்கு 800 எம்பி. சும்மா டெஸ்க்டாப்பைக் காட்டிக்கொண்டிருப்பதற்கே வாய்க்காலில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது. ‘புது கம்ப்யூட்டர், ஆனா ஸ்லோ’ என்று அன்று எழுந்த புலம்பலுக்கு இதுவும் ஒரு காரணம்.

அந்த மலிவு பிசி அலையில் புதுச்சேரிக்கு ஒரு தனி இடம் உண்டு. வரிச்சலுகையை நம்பிக் கணினி நிறுவனங்கள் இங்கே வரிசையாக ஆலை போட்டன. சேதராப்பட்டில் எச்சிஎல். புதுச்சேரியில் ஏசருக்கும் விப்ரோவுக்கும் ஆலைகள் இருந்தன. 2005-இல் ஐபிஎம்மின் பிசி வியாபாரத்தை லெனோவா வாங்கியபோது ஐபிஎம்மின் புதுச்சேரி ஆலையும் கைமாறியது. இந்திய மேசைகளில் உட்கார்ந்த கணினிகளில் கணிசமானவை வில்லியனூருக்கும் பாகூருக்கும் பஸ் போகும் தூரத்தில் திருகு முடுக்கப்பட்டவை. பின்னாளில் தமிழ்நாட்டுக்கு இலவச லேப்டாப் சப்ளை செய்த நிறுவனங்களிலும் எச்சிஎல், ஏசர், லெனோவா மூன்றும் உண்டு. ஊர்ப் பள்ளிகளில் கணினியைப் பார்ப்பதே அரிதாக இருந்த காலத்தில் பக்கத்து ஊர் ஆலையில் அது லாரி லாரியாக ஏறிக்கொண்டிருந்தது. சலுகை தேய்ந்ததும் உற்பத்தியில் ஒரு பகுதி உத்தராகண்ட் பக்கம் நகர்ந்தது. 2013 வாக்கில் எச்சிஎல் பிசி தயாரிப்பையே விட்டு விலகியது.

மலிவு லேப்டாப்பில் ஆன்போர்டு கிராபிக்ஸைத் தவிர்க்கவே முடியாது. தனி சிப் வைத்தால் சூடு, பேட்டரி, விலை மூன்றும் ஏறும். 2003-இல் இன்டெலின் சென்ட்ரினோ தொகுப்போடு வந்த 855ஜிஎம் சிப்செட் அதிகபட்சம் 64 எம்பி எடுத்துக்கொண்டது. அடுத்து 915ஜிஎம், அதற்கடுத்து 2006-இல் 945ஜிஎம். இந்தக் கடைசிச் சிப்புக்குள் இருந்த ஜிஎம்ஏ 950 என்ற கிராபிக்ஸ் 224 எம்பி வரை பங்கு கேட்டது. அளவு கூடியது; திறமை அவ்வளவாகக் கூடவில்லை. முப்பரிமாணப் படத்தில் மூலைகளை இடம் மாற்றிக் கணக்குப் போடும் வேலையை ஜிஎம்ஏ 950 தானே செய்யாது, பிராசசர் தலையில் கட்டிவிடும். 224 எம்பி என்று பெட்டியில் அச்சடித்தவர்கள் இதை அச்சடிக்கவில்லை.

இந்த அச்சு விளையாட்டு ஒருமுறை நீதிமன்றம் வரை போனது. விண்டோஸ் விஸ்டா வருவதற்கு முன்பே, 2006-இல், கடைகளில் இருந்த கணினிகள்மீது ‘விஸ்டா கேப்பபிள்’ என்று ஸ்டிக்கர் ஒட்ட மைக்ரோசாஃப்ட் அனுமதித்தது. விஸ்டாவின் முகமே ஏரோதான். அதை ஓட்ட 128 எம்பி கிராபிக்ஸ் மெமரியும் புதிய வகை டிரைவரும் தேவை. 915 சிப்செட்டுக்கு அந்த டிரைவர் வரவே இல்லை. ஆனாலும் அதற்கும் ஸ்டிக்கர் கிடைக்கும்படி விதி தளர்த்தப்பட்டது. 2007-இல் அமெரிக்காவில் கணினி வாங்கியவர்கள் வழக்குத் தொடர்ந்தார்கள். அடுத்த ஆண்டு வெளியான மைக்ரோசாஃப்டின் உள் மின்னஞ்சல்களில் சுவாரசியமான விஷயம் ஒன்று இருந்தது. அந்த நிறுவனத்தின் துணைத்தலைவர்களில் ஒருவரான மைக் நாஷே ஸ்டிக்கரை நம்பி 2100 டாலருக்கு லேப்டாப் வாங்கி, 915 சிப்செட் என்பதால் ஏரோ ஓடாமல், மின்னஞ்சல் பார்க்க மட்டும் ஆகிறது என்று நொந்துபோய் எழுதியிருந்தார். செய்தவருக்கே புரியாத ஸ்டிக்கர், வாங்குபவருக்கு எப்படிப் புரியும்? 2009-இல் அந்த வழக்கு கூட்டு வழக்கு என்ற தகுதியை இழந்து வலுவிழந்தது. ஸ்டிக்கர் பழக்கம் போகவில்லை.

இனி எல்லையோர வீட்டுக்குள் வரலாம்.

2 ஜிபி ரேம் என்றார்களே, அதில் எவ்வளவு கையில் வந்தது? மை கம்ப்யூட்டரில் ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் பார்த்தால் சில மெஷின்களில் 2 ஜிபி என்ற எண்ணுக்குப் பக்கத்திலேயே 1.6 ஜிபிதான் பயன்படும் என்று எழுதியிருக்கும். அந்தக் காலத்து ஏஎம்டி மலிவு பிராசசர்களில் இது சகஜம். கணினி எழும்போதே பயாஸ் 384 எம்பியை எடுத்துத் தனியாக வைத்துவிடும். பரீட்சைக்கு வேர்டில் டைப் செய்தாலும் சரி, ஒன்றுமே செய்யாவிட்டாலும் சரி, திரும்பி வராது. இன்டெல் வகை கொஞ்சம் தாராளம். தொடக்கத்தில் 32 அல்லது 64 எம்பிதான் ஒதுக்கும், மற்றதைத் தேவைப்படும்போது வாங்கித் திருப்பிக் கொடுக்கும். இந்தத் தாராளமே வேறொரு தலைவலி ஆனது. பல விளையாட்டுகள் நிரந்தர ஒதுக்கீட்டை மட்டும் பார்த்து ‘64 எம்பிதான் இருக்கிறது’ என்று கதவைச் சாத்தின.

2002-இல் பிளேஸ்டேஷன் 2-க்கும் அடுத்த ஆண்டு பிசிக்கும் வந்த ஜிடிஏ வைஸ் சிட்டி விளையாட்டு ஏன் தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் பத்து ஆண்டுக்குப் பிறகும் பென் டிரைவில் கைமாறிக்கொண்டிருந்தது என்பதற்கு இங்கே விடை இருக்கிறது. அது கேட்டது 32 எம்பி வீடியோ மெமரி. அடுத்து வந்த ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ் கேட்டது 64. இரண்டும் இலவச லேப்டாப்பில் ஓடும். 2008-இன் ஜிடிஏ 4 கேட்டதோ 256. அதன் செட்டிங்ஸ் பக்கத்திலேயே வீடியோ மெமரி எவ்வளவு செலவாகிறது, எவ்வளவு இருக்கிறது என்று இரண்டு எண்களைக் காட்டி, மீறினால் மேலே போகவிடாது. பிள்ளைகள் விட்டார்களா? விளையாட்டின் ஃபோல்டரில் commandline என்ற பெயரில் ஒரு நோட்பேட் ஃபைலைப் போட்டு, தடையை நீக்கச் சொல்லி இரண்டு மூன்று சொல் எழுதினால் கதவு திறக்கும் என்று கண்டுபிடித்துக்கொண்டார்கள். ஓடியது; நத்தை ஓடுவது போல.

இன்னும் துணிந்தவர்கள் ரெஜிஸ்ட்ரிக்குள் போனார்கள். இன்டெல் என்ற தலைப்பின் கீழ் ஜிஎம்எம் என்று ஒரு கீயை உருவாக்கி 512 என்று எண் கொடுத்தால், விண்டோஸ் மெனுவில் 512 எம்பி வீடியோ மெமரி என்றே காட்டும். உண்மையில் ஒரு எம்பிகூட ஏறியிருக்காது. கேட்பவர்களுக்குச் சொல்லும் எண் மட்டும் மாறியிருக்கும். மெமரியை எண்ணிப் பார்த்து மறுக்கும் விளையாட்டுகளை ஏமாற்ற அது போதும். ஸ்விஃப்ட்ஷேடர், 3டி அனலைஸ் போன்ற சின்ன சாஃப்ட்வேர்களும் இதே வகை. கிராபிக்ஸ் செய்ய வேண்டிய கணக்கைப் பிராசசரிடம் தள்ளிவிட்டு ஆளில்லாத இடத்தில் ஆள் இருப்பதாகக் காட்டும். லேப்டாப் கொடுத்தால் பிள்ளைகள் கேம்தான் ஆடுவார்கள் என்று அன்று சலித்துக்கொண்டவர்கள் உண்டு. ஆடினார்கள்தான். ஆட வேண்டும் என்பதற்காகவே பயாஸ், டிரைவர், ரெஜிஸ்ட்ரி என்று கணினியின் அடிவயிறு வரை போய்ப் பார்த்தவர்களும் அவர்கள்தான். எந்தப் பாடப்புத்தகமும் அவர்களை அவ்வளவு தூரம் கூட்டிப்போகவில்லை.

விளையாட்டு மட்டுமல்ல, தொழிலும் இந்த மெமரி எல்லைக்குள்தான் நடந்தது. புதுச்சேரியில் பேனர் இல்லாத பிறந்தநாள் இல்லை, காதுகுத்து இல்லை. தடைச் சட்டம் ஒரு பக்கம் இருக்க ஃப்ளெக்ஸ் இன்னொரு பக்கம் எழும். அதை டிசைன் செய்யும் ஸ்டுடியோக்களில் ஃபோட்டோஷாப் 7.0 ஏன் அவ்வளவு காலம் அசையாமல் இருந்தது? பழக்கம் ஒரு காரணம். 2002-இல் வந்த 7.0 கிராபிக்ஸ் மெமரி பக்கமே திரும்பிப் பார்க்காது என்பது இன்னொன்று. 2008-இன் சிஎஸ்4 முதல்தான் ஃபோட்டோஷாப் கிராபிக்ஸ் சிப்பைத் தேட ஆரம்பித்தது. பிறகு வந்தவை ஒவ்வொன்றும் அதிகம் கேட்டன.

ரேமின் நெருக்கடி வேறு. பத்தடிக்கு எட்டடி பேனரை 72 டிபிஐயில் அச்சு நிறத்தில் திறந்தால் ஒரு லேயரே ஏறத்தாழ 240 எம்பி. 1.6 ஜிபி மெஷினில் மாப்பிள்ளை, பெண், தலைவர் படம், பின்னணி என்று நாலு லேயர் சேர்ந்தால் ஹேங் நிச்சயம். டிபிஐயைப் பாதியாக்கினால் 60 எம்பியில் முடிந்துவிடும். தூரத்தில் இருந்து பார்க்கும் பேனரில் யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

2020-இல் ஊரடங்கு வந்து வகுப்புகள் வீட்டுக்குள் நுழைந்தபோது அலமாரியில் கிடந்த இலவச லேப்டாப்புகள் மறுபடி வெளியே வந்தன. இப்போது சிக்கல் மெமரியின் அளவில் இல்லை. யூடியூப் தன் வீடியோக்களை விபி9 என்ற புது முறையில் அனுப்பத் தொடங்கியிருந்தது. பழைய கிராபிக்ஸ் சிப்களுக்கு அது தெரியாது, எச்.264 என்ற பழைய முறைதான் தெரியும். விளைவு, முழு வேலையும் பிராசசர் மேல். ஃபேன் அலறும், ஆசிரியர் வாய் ஒரு பக்கம் குரல் ஒரு பக்கம் போகும். பிரவுசரில் எச்264இஃபை என்ற சின்ன எக்ஸ்டென்ஷன் போட்டுப் பழைய முறையிலேயே வீடியோ கேட்டால் அதே லேப்டாப் சாதுவாக ஓடும். தெரிந்தவர்கள் தப்பித்தார்கள். தெரியாதவர்கள் ‘கவர்மென்ட் லேப்டாப் இவ்வளவுதான்’ என்று மூடி வைத்தார்கள்.

அதே ஆண்டு நவம்பரில் கதை தலைகீழாகத் திரும்பியது. ஆப்பிள் தன் எம்1 சிப்பை வெளியிட்டது. அதிலும் கிராபிக்ஸுக்குத் தனி மெமரி இல்லை. 8 அல்லது 16 ஜிபியைப் பிராசசரும் கிராபிக்ஸும் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஏழைக்கான ஏற்பாடு என்று இருபது ஆண்டு முகம் சுளித்த அதே முறைக்கு இப்போது ‘யூனிஃபைடு மெமரி’ என்று பெருமை. வித்தியாசம் வாய்க்கால் அகலத்தில். இலவச லேப்டாப்பின் ஒற்றை டிடிஆர்3 ரேம் விநாடிக்கு 10 ஜிபி அளவில் தந்தது என்றால் எம்1 தருவது 68 ஜிபி. 2025-இல் ஏஎம்டி இன்னும் ஒரு படி போய், 128 ஜிபி வரை ரேமும் அதில் 96 ஜிபியைக் கிராபிக்ஸுக்கே ஒதுக்கும் வசதியும் கொண்ட லேப்டாப் சிப்பைக் காட்டியது. செயற்கை நுண்ணறிவு மாடல்களைச் சொந்தக் கணினியில் ஓட்ட விரும்புவோருக்கு, சாதாரணத் தனி கார்டுகள் தர முடியாத இடம் இந்தப் பங்கு ரேமில்தான் கிடைக்கிறது.

ஆகவே 2011-இன் லேப்டாப்பில் தப்பு எங்கே இருந்தது? கிராபிக்ஸ் ரேமில் பங்கு கேட்டதில் இல்லை. பங்கு போட 2 ஜிபி மட்டும் கொடுத்து, அதற்கு மேல் போக விடாத ஸ்டார்ட்டர் பதிப்பையும் சேர்த்துக் கட்டியதில் இருந்தது. பாஸ் லினக்ஸுக்கு அந்தத் தடை கிடையாது. ஆனால் அதை யாரும் பிள்ளைகளுக்கு உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கவில்லை. 2019 வாக்கில் தமிழ்நாட்டில் கொடுக்கப்பட்டவை 50 லட்சத்தைத் தாண்டியிருந்தன. அடுத்த சுற்றில் பாடம் கொஞ்சம் ஏறியிருக்கிறது. 2025-26 தமிழ்நாடு பட்ஜெட்டில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கென்று அறிவித்தபின் அரசு நிறுவனமான எல்காட் கேட்ட டெண்டரில் 8 ஜிபி ரேமும் 256 ஜிபி எஸ்எஸ்டியும் இருந்தன.

பழைய பெட்டி இன்னும் வீட்டில் இருப்பவர்கள் அதை எடைக்குப் போடும் முன் பின்மூடியைத் திறந்து ஒருமுறை பார்க்கலாம். காலியாக ஒரு ரேம் ஸ்லாட் இருந்தால், ஏற்கெனவே இருப்பது டிடிஆர்3-ஆ டிடிஆர்3எல்-ஆ என்று பார்த்து அதே வகையில் ஒரு பழைய ஸ்டிக் வாங்கிப் போடுங்கள். இரண்டு வரிசையில் ரேமைப் படிக்கும் இன்டெல் போர்டாக இருந்தால் மெமரியோடு அதைப் படிக்கும் வேகமும் ஏறும், கிராபிக்ஸும் கூடவே தேறும். ஸ்டார்ட்டரைத் தூக்கிவிட்டு லினக்ஸ் ஏற்றுங்கள். ‘சாஃப்ட்வேர் போட்டே கிராபிக்ஸ் மெமரி ஏத்தித் தர்றோம்’ என்பவர்களிடம் மட்டும் காசு கொடுக்காதீர்கள். அவர்கள் ஏற்றித் தருவது மெனுவில் தெரியும் எண்ணை மட்டும்தான்.